பூட்டுக்குள் போன சர்க்கரை

கல்யாண மண்டபத்துக்கு ஆய்வுக்குப் போவதாக இருந்தால், தம்பி தங்கைகளே, வீட்டிலேயே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பசித்த வயிற்றோடு போய் நின்றால், நெய்யில் முந்திரி வறுபடும் வாசனையில் பாதிச் சட்டம் மறந்துபோகும். மீதிப் பாதியை, "மேடம், ஒரு வாய் சாப்பிட்டுட்டு எழுதிக்கலாமே" என்று யாராவது மறக்கடித்துவிடுவார்கள். அரியலூரிலும் பெரம்பலூரிலும் மாறி மாறி உணவுப் பாதுகாப்பு அலுவலராக இருந்துவிட்டு, இப்போது வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பவள் நான். மாதிரி எடுப்பது, புட்டியில் அடைப்பது, அனுப்புவது எல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். அதையே நானும் சொன்னால் தூங்கிவிடுவீர்கள். ஒரே ஒரு நாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. இந்த வேலையில் நீங்கள் தப்பிக்கவே முடியாத கேள்வி ஒன்று உண்டு. "மேடம், இந்த சுகர் ஃப்ரீ நல்லதா கெட்டதா?" பஸ்ஸில் கேட்பார்கள். பல் டாக்டரிடம் போய் வாயைத் திறந்து உட்கார்ந்தால் டாக்டரே கேட்பார். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், அழுதுகொண்டிருந்த அம்மாள் மூக்கைச் சிந்திவிட்டு என்னிடம் கேட்டிருக்கிறார். எல்லாரிடமும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எவ்வளவு சாப்பிடுறீங்க?" அது யாருக்கும் பிடிக்காது. "அதுலதான் சர்க்கரையே இல்லையே மேடம், அப்புறம் என்ன கணக்கு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

அனுமதி பெற்ற செயற்கை இனிப்புகள் விஷம் இல்லை. அமிர்தமும் இல்லை. எந்தப் பண்டத்தில் எது, எவ்வளவு போடலாம் என்று அளவு வைத்திருக்கிறார்கள். போட்டால் மேலே எழுத வேண்டும் என்றும் வைத்திருக்கிறார்கள். எழுதியதைப் படிக்க வேண்டும் என்று மட்டும் யாரும் சட்டம் போடவில்லை. நம் தலைவலி அங்கேதான் ஆரம்பிக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். அரியலூர்ப் பக்கத்தில் தங்கராசு என்று ஒருவர். சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகள் வைத்திருந்தார், நல்ல வசதி. அவருக்கு அறுபதாம் கல்யாணம். திருமழபாடி கோயிலில் காலையிலேயே மனைவி சரோஜா கழுத்தில் இன்னொரு தாலியைக் கட்டிவிட்டு, மண்டபத்தில் விருந்து வைத்திருந்தார். அறுபதாம் கல்யாணத்துக்கு யார் வருவார்கள்? மாப்பிள்ளையின் வயதுக்காரர்கள்தான். அந்தப் பெரிய மண்டபத்தில் முக்கால்வாசிப் பேர் சர்க்கரை வியாதிக்காரர்கள். பொங்கலைப் பார்த்தாலே மனைவியின் முகத்தைத் திரும்பிப் பார்க்கிற ஆட்கள்.

சமையல், விக்கிரமங்கலம் மல்லிகா. கணவர் இல்லாதவள். ஊரில் உள்ள பெண்களையே சேர்த்துக்கொண்டு சமையல் ஒப்பந்தம் எடுத்துச் செய்துவந்தாள். எங்களிடம் பதிவு செய்திருந்தாள். அவள் அடுப்படியை நான் இரண்டு மூன்று முறை பார்த்திருக்கிறேன். என் வீட்டு அடுப்படியை அவள் பார்க்காமல் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொள்வேன். அது வைகாசி மாதம். அடுத்த முகூர்த்தத்துக்கு ஏலாக்குறிச்சியில் ஒரு பெரிய கல்யாணம் அவள் கையில் இருந்தது. பெண்ணின் அப்பாவும் தங்கராசு வீட்டு விசேஷத்துக்கு வந்திருந்தார், மல்லிகாவின் கைப்பக்குவத்தைச் சாப்பிட்டுப் பார்க்கலாம் என்று.

பதினோரு மணி வாக்கில் எனக்கு போன் வந்தது. மண்டபத்தில் எல்லாருக்கும் வயிற்றுப்போக்கு, சாப்பாட்டில் விஷம் என்றார்கள். நான் செருப்பு மாட்டுவதற்குள் என் மேலதிகாரி கூப்பிட்டுவிட்டார். அவருக்கு அந்த மண்டபத்திலிருந்து யாரோ வீடியோவே அனுப்பிவிட்டார்களாம். "சீல் வச்சாச்சா?" என்றார். "சார், நான் இன்னும் வூட்டு வாசல்லயே இருக்கேன்" என்றேன். "அப்ப போனதும் வச்சிருங்க" என்றார்.

போய்ச் சேர்ந்தபோது நாதஸ்வரக்காரர்கள் வாசிப்பை நிறுத்தியிருந்தார்கள். கழிவறைப் பக்கம் ரேஷன் கடை மாதிரி வரிசை. பட்டு வேட்டிகள் எல்லாம் முழங்காலுக்கு மேல் ஏறியிருந்தன. சமையல் கட்டின் வாசலில் ஒரு கூட்டம். அதற்குத் தலைவர் தங்கராசுவின் பங்காளி ராமசாமி. குரல் அவருக்கு மைக் வைத்த மாதிரி.

"என்ன மேடம் பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க? காலைல போட்ட பொங்கல்லதான் ஏதோ கலந்திருக்கு. இவளை உள்ள தூக்கிப் போடுங்க. டேய், அந்தப் பாயாச அண்டாவைச் சாய்ச்சு விடுங்கடா. இன்னும் எத்தனை பேரைக் கொல்லப் போறா இவ" என்று ஆரம்பித்தவர், நடுவிலேயே நிறுத்தி, "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு வரிசைக்கு ஓடினார்.

மல்லிகா அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றிருந்தாள். அழவில்லை. "மேடம், என் பிள்ளைங்க எல்லாம் அந்தப் பொங்கலைத்தான் தின்னுச்சு. நானும் அதைத்தான் தின்னேன்" என்றாள். ஏலாக்குறிச்சிக்காரர் கொஞ்சம் தள்ளி நின்று, செல்போனில் வேறு யாரோ சமையல்காரரிடம், "அந்தத் தேதி உங்களுக்கு ஓய்வா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அது மல்லிகாவின் காதிலும் விழுந்தது. இந்த ஒரு மத்தியானத்தில் விஷச் சமையல்காரி என்று பெயர் வாங்கினால், அந்த ஜில்லாவில் அவள் கையால் யாரும் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

நான் முதலில் செய்தது, சமையல் கட்டையும் அதை ஒட்டிய சாமான் அறையையும் பூட்டிச் சீல் வைத்ததுதான். மேலதிகாரிக்குப் பயந்து என்று நினைக்காதீர்கள். பங்காளி அண்டாவைச் சாய்த்துவிட்டால், அவள் சாப்பாடு நல்லது என்று நிரூபிக்க ஒரு சொட்டுப் பாயாசம்கூட மிஞ்சாது. ஆனால் மல்லிகாவுக்கு அது எப்படித் தெரியும்? பூட்டு விழுந்த சத்தத்தில் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கூட்டம் மட்டும் கை தட்டியது.

நம் வேலையில் எல்லாரும், யாருக்கு உடம்பு கெட்டது என்று பார்ப்பார்கள். நீங்கள் யாருக்குக் கெடவில்லை என்று பாருங்கள். குழந்தைகள் பந்தி இலைகளுக்கு நடுவே ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தன. காலேஜ் பிள்ளைகள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். காலையில் பொங்கலை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டதாகச் சொன்ன தவில்காரர் கால் மேல் கால் போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் ஐம்பத்தைந்துக்கு மேல். பாதிப் பேரின் சட்டைப் பையில் பளபளவென்று தங்க நிறத் தாள் எட்டிப் பார்த்தது. நாற்காலிகளுக்கு அடியிலும் அதே தாள்.

மண்டப வாசலில், சந்தனம் குங்குமத்துக்குப் பக்கத்தில் தனியாக ஒரு மேசை. "சுகர் உள்ளவர்களுக்கு மட்டும்" என்று அட்டை எழுதி ஒட்டியிருந்தது. மேசையில் வெளிநாட்டு சாக்லேட் டப்பாக்கள். எல்லாம் காலி. பக்கத்தில் கோட்டு சூட்டில் ஓர் இளைஞன் பெருமையோடு நின்றிருந்தான். தங்கராசுவின் ஒரே மகளைக் கட்டியவன், துபாயில் வேலை. மாமனாரின் கூட்டாளிகள் எல்லாம் இனிப்பைப் பார்த்து ஏங்குகிறார்களே என்று பெட்டி நிறைய வாங்கி வந்திருக்கிறான். நல்ல மனசுதான்.

"எல்லாம் சர்க்கரை இல்லாதது மேடம். ஒரிஜினல்" என்றான்.

டப்பாவைத் திருப்பினேன். மால்டிடால் என்று ஓர் இனிப்பு. கொஞ்சம் தின்றால் ஒன்றும் செய்யாது. நிறையத் தின்றால் குடல் அதைத் தாங்காது, தண்ணீராகக் கழியும். டப்பாவிலேயே எழுதியிருக்கிறது, எறும்பு சைசில், அளவுக்கு மேல் சாப்பிட்டால் வயிற்றுப்போக்கு ஆகலாம் என்று. "இதைப் படிச்சீங்களா?" என்றேன். "டப்பாவுக்குப் பின்னாடி யாரு மேடம் படிப்பா?" என்றான், உண்மையான ஆச்சரியத்தோடு.

இப்போது நீங்கள் நினைப்பீர்கள், வேலை முடிந்தது, போய்ச் சொல்லிவிட வேண்டியதுதானே என்று. நீங்கள் இந்த ஊர்க் கல்யாண மண்டபத்தில் நின்றதில்லை என்று அர்த்தம். வீட்டு மாப்பிள்ளை கொண்டுவந்த பண்டத்தால் வயிறு கெட்டது என்று சபையில் சொல்ல எவனுக்கு வாய் வரும்? மாப்பிள்ளை முகம் வாடினால் மகள் வாழ்க்கை என்னாவது? வரிசையில் நின்ற ஒவ்வொருவரிடமும் கேட்டேன். பங்காளி ராமசாமி, மீசையில் சாக்லேட் ஒட்டியிருக்க, "சாக்லேட்டா? நான் கண்ணாலகூட பார்க்கலைங்க" என்றார். காரணம் மாப்பிள்ளை மட்டும் இல்லை. இரண்டடி தள்ளி அவர் மனைவி நின்றிருந்தார். பல வருஷமாக வீட்டில் டீக்குக்கூடச் சர்க்கரை காட்டாத அம்மாள். சர்க்கரை இல்லாததுதானே என்று கை நிறைய அள்ளித் தின்றேன் என்று அவர் எதிரில் ஒப்புக்கொள்வதைவிட, மல்லிகா ஜெயிலுக்குப் போவது அவருக்குச் சுலபமாகத் தெரிந்தது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. இத்தனை பெரிய மனுஷர்கள், நாக்கின் ஆசையை மறைக்க ஒரு பெண்ணின் பிழைப்பைப் பலி கொடுக்கத் தயாராக நிற்கிறார்களே என்று.

கோபத்தை விழுங்கிக்கொண்டு மேடைக்குப் போய் மைக்கை வாங்கினேன்.

"எல்லாரும் கேளுங்க. இது சமையல்ல வந்த விஷமா இருந்தா, வயிறு போறவங்க அத்தனை பேரும் இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போகணும். ஊசி, டிரிப்ஸ், மலம் டெஸ்ட், தங்கிப் பார்க்கிறது எல்லாம் உண்டு. வேன் சொல்லிரலாம். ஆனா சிலருக்கு அந்த சாக்லேட்டைக் கொஞ்சம் கூடுதலா சாப்பிட்டதால இருக்கலாம். அப்படின்னா பயமில்லை. உப்பு போட்ட மோர் குடிச்சாப் போதும், சாயங்காலத்துக்குள்ள நின்னுரும். நீங்க எந்தப் பக்கம்னு நீங்களே சொல்லுங்க."

அதில் பொய் ஒன்றும் இல்லை, கவனியுங்கள். இரண்டும் உண்மை. எதை முதலில் சொல்வது என்பது மட்டும் என் விருப்பம்.

ஊசி என்ற சொல் அவர்கள் மண்டைக்குள் வேலை செய்தது. பிறகு பின்வரிசையில் ஒரு கை மெல்ல உயர்ந்தது. பங்காளி ராமசாமி.

"நான்... ஒண்ணு ரெண்டு எடுத்தேங்க."

"ஒண்ணு ரெண்டா?" என்றார் அவர் மனைவி. "உங்க ஜோப்பைக் காட்டுங்க."

ஜோப்பிலிருந்து தாள் கொத்தாக விழுந்தது. அதன்பின் சபை முழுக்கக் கைகள். ஏலாக்குறிச்சிக்காரரும் போன் வைத்திருந்த கையையே தூக்கினார். கூடவே எல்லாரும் ஒரே குரலில், "மாப்ள மேல தப்பே இல்லைங்க, ரொம்ப நல்ல சாக்லேட்டு, நாங்கதான் அடக்கமில்லாம தின்னுட்டோம்" என்று அவனுக்குச் சான்றிதழ் வேறு. அவன் முகம் செத்துப்போனது. அவனைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

ஜெயித்துவிட்டோம் என்று நான் மைக்கை வைத்தேன். மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு, மாதிரி எடுத்துக்கொண்டு, முறைப்படி சீலைப் பிரிக்கலாம் என்று போனை எடுத்தேன். அப்போதுதான் மேடைக்குப் பின்னால் சரோஜா அம்மாளின் குரல் கேட்டது.

"என்னங்க, என்னைப் பாருங்க. என்னங்க."

ஓடிப் போய்ப் பார்த்தால் தங்கராசு நாற்காலியில் சரிந்து கிடக்கிறார். பட்டுச் சட்டை வியர்வையில் உடம்போடு ஒட்டியிருந்தது. கை நடுங்கியது. பேச்சு குழறியது. "கண்ணு பட்டுருச்சு, கூட்டத்துல யார் கண்ணோ" என்று யாரோ கற்பூரம் தேடினார்கள். என் வீட்டுக்காரருக்கும் சர்க்கரை உண்டு. இந்த வியர்வை எனக்குத் தெரிந்த வியர்வை.

"ஐயா காலைல என்ன சாப்பிட்டாரு?" என்றேன்.

"மாத்திரை போட்டாரு, ஊசியும் போட்டுக்கிட்டாரு" என்றார் சரோஜா அம்மாள். "பொங்கல் வேண்டாம், மாப்ள சாக்லேட் குடுத்திருக்காரு அதுவே போதும்னுட்டாரு."

மாத்திரையும் ஊசியும் உள்ளே இருக்கிற சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கின்றன. மேலே ஏற்ற ஒன்றும் உள்ளே போகவில்லை. உள்ளே போன சாக்லேட்டும் கழிவறைக்குப் போய்விட்டது. அதற்குள் மாப்பிள்ளை எங்கோ ஒளித்து வைத்திருந்த கடைசி டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். சர்க்கரை இறங்கினால் இனிப்புக் கொடுக்க வேண்டும் என்று அவனுக்கும் தெரிந்திருக்கிறது. "மாமா, இதை வாயில போடுங்க, இனிப்பு, இனிப்பு" என்று தாளைப் பிரித்து அவர் வாய்க்குக் கொண்டுபோனான். கண்ணில் தண்ணீர்.

அந்தக் கையைத் தட்டிவிட்டேன். "தம்பி, இது நாக்குக்குத்தான் இனிப்பு. இப்ப அவருக்கு வேண்டியது நிஜச் சர்க்கரை. யாராவது சர்க்கரை கொண்டு வாங்க, சீக்கிரம்."

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒரு மண்டபம் நிறைய ஆட்கள். ஒருவர் பையிலும் ஒரு மிட்டாய் இல்லை. வாசல் தட்டில் இருந்த கல்கண்டைக் குழந்தைகள் எப்போதோ காலி செய்திருந்தார்கள். இருந்ததெல்லாம் சர்க்கரை இல்லாதது. டீக்கடைக்குப் போவதென்றால் மெயின் ரோட்டுக்குப் போக வேண்டும்.

மல்லிகா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"சர்க்கரை மூட்டையே உள்ள இருக்கு மேடம்" என்றாள். "நீங்கதான் பூட்டி வச்சிருக்கீங்க."

அவள் அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அடுப்படியில் உப்பு எங்கே என்று கேட்டால் சொல்வது போலத்தான் சொன்னாள். எனக்குத்தான் காது சூடாகிவிட்டது. சாமான் அறைக் கதவில் என் கையெழுத்து, என் அரக்கு, என் சீல். அரசாங்கச் சீல். மகஜர் எழுதிச் சாட்சி வைத்து உடைக்க வேண்டியது. மேலதிகாரியைக் கேட்டால் எழுதிக் கொடுங்கள் என்பார். அவர் வந்து பார்க்கும்வரை தங்கராசு காத்திருக்க மாட்டார். பக்கத்தில் இருந்த தேங்காய் உடைக்கும் அரிவாளை எடுத்து, அரக்கைத் தட்டி உடைத்துப் பூட்டைத் திறந்தேன். பங்காளி ராமசாமியே சாட்சி என்று கத்தினேன். அவர், "நான் பார்த்தேங்க, பார்த்தேங்க" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மல்லிகா உள்ளே புகுந்து ஒரு சொம்பில் சர்க்கரையைக் கொட்டித் தண்ணீர் ஊற்றி விரலாலேயே கலக்கிக்கொண்டு வந்தாள். தங்கராசுவுக்கு விழுங்கும் அளவுக்கு நினைவு இருந்தது. இல்லாவிட்டால் வாயில் ஊற்றக் கூடாது, இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சொம்பை அவர் உதட்டில் வைக்கப்போனபோது சரோஜா அம்மாள் மல்லிகாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ வேண்டாம்மா, அவருக்கு சர்க்கரை ஆகாது. டாக்டர் தொடவே கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

"அக்கா, கையை விடுங்க" என்றாள் மல்லிகா. "இப்ப குடுக்கலைன்னா அப்புறம் ஆகுறதுக்கு அவர் இருக்க மாட்டாரு."

சரோஜா அம்மாள் கையை விட்டார். மடக்கு மடக்காக இறங்கியது. எனக்கு என் வேலை, சீல், எதுவும் நினைவில் இல்லை. இந்த மனுஷர் கண்ணைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் குறைந்தது. முகத்தில் களை திரும்பி வந்தது. கண்ணைத் திறந்து எதிரே சொம்போடு குனிந்திருந்த மல்லிகாவைப் பார்த்தார். நான் வருவதற்கு முன்னால், அவளைப் பிடித்துக் கொடுக்கப் போலீஸைக் கூப்பிடச் சொன்னதே அவர்தானாம்.

"இன்னும் கொஞ்சம் கெடைக்குமா?" என்றார்.

"போதும், சுகரு" என்றார் சரோஜா அம்மாள் உடனே, அழுதுகொண்டே.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. "சீல் வச்சாச்சா?" என்றார் மேலதிகாரி. "வச்சாச்சு சார். உடைச்சும் ஆச்சு" என்றேன். அதற்கு விளக்கம் எழுதி முடிப்பதற்குள் வைகாசியே முடிந்துவிட்டது. அது வேறு கதை.

யாரோ கூப்பிட்டிருந்த நூற்றியெட்டு ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, ஆபத்தில்லை, வயிற்றுக்கு ஏதாவது கொடுங்கள், எதற்கும் ஆஸ்பத்திரியில் ஒரு தடவை காட்டிவிடுங்கள் என்றார்கள். நான் பொங்கல், சாம்பார், பாயாசம் எல்லாவற்றிலும் மாதிரி எடுத்துக்கொண்டேன். முடிவு பின்னால் வந்தது, ஒரு குறையும் இல்லை என்று. ஆனால் அன்றைக்கு அந்த முடிவுக்காக யாரும் காத்திருக்கவில்லை. தங்கராசு வண்டியில் ஏறும் முன் இலை போடச் சொல்லி, மல்லிகா கையால் இரண்டு வாய் சாதம் வாங்கிச் சாப்பிட்டார், எல்லாரும் பார்க்க. அதைப் பார்த்ததும் சபை பந்திக்கு நகர்ந்தது. வயிறு சரியில்லாதவர்கள் மோர்ப் பானையைச் சுற்றி நின்றார்கள். ஏலாக்குறிச்சிக்காரர் போனை மடியில் வைத்துக்கொண்டு மல்லிகாவிடம் போய், "நம்ம வூட்டு விசேஷத்துக்கு சாக்லேட் எதுவும் வேண்டாம்மா, நீ பாயாசம் மட்டும் பெருசா வச்சிரு" என்றார். அவள் சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அப்போதுதான்.

மாப்பிள்ளையைச் சொல்லாமல் விட்டால் தப்பு. அவன் அந்தக் கடைசி டப்பாவைத் திருப்பிப் பிடித்து, எறும்பு எழுத்தைச் செல்போன் விளக்கில் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு வரிக்கும் சுற்றி நின்ற பெரியவர்கள், "அப்படியா போட்டிருக்கான்" என்று ஆச்சரியப்பட்டார்கள்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். சமையல் மல்லிகா. ஓய்வு பெற்ற பிறகும் கால் தானாகச் சமையல் கட்டுப் பக்கம்தான் போகிறது. சாமான் அறைக்கு வெளியே, கதவுக்குப் பக்கத்தில், ஓர் ஆணியில் தூக்குவாளி ஒன்று தொங்கியது. மூடியைத் திறந்து பார்த்தேன். சர்க்கரை.

"இது எதுக்கு மல்லிகா வெளியில கிடக்கு? எறும்பு வராது?" என்றேன், பழைய அதிகாரத்தோடு.

"இதுக்குப் பேரே மேடம் வாளிங்க" என்றாள் அவளுடைய ஆட்களில் ஒருத்தி, வேலையிலிருந்து தலையைத் தூக்காமல். அவளுக்கு நான் யார் என்று தெரியாது. "எங்க அக்கா எங்க சமையலுக்குப் போனாலும் இதை முதல்ல வெளியில மாட்டிருவாங்க. யாராச்சும் ஆபீசர் வந்து பூட்டிட்டுப் போயிட்டா ஆத்திர அவசரத்துக்கு வேணுமில்ல."

மல்லிகா நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் மூடியை நன்றாக அழுத்தி மூடிவிட்டுப் பந்திக்குப் போய் உட்கார்ந்தேன்.